பெரிய வாத்தியார்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் முதலில் சாவடியில்தான் நடந்ததாம். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் கிடந்த ஊர். அது ஜில்லா போர்டு காலம். ஒரே வாத்தியார், அவரேதான் தலைமையாசிரியர். என் அப்பா அவரிடம் மணலில் விரலை ஊன்றி எழுதிப் படித்தவர். சம்பளம் தாமதப்பட்ட மாதங்களில் ஊரார் அளந்துபோட்ட கம்பும் சோளமும்தான் அவர் வீட்டு அடுப்பில் வெந்தது என்று பாட்டி சொல்வாள்.

எனக்கு வாய்த்தவர் அவருக்குப் பின்னால் வந்தவர். அதற்குள் ஜில்லா போர்டு போய்ப் பஞ்சாயத்து யூனியன் வந்திருந்தது. சாவடியும் ஓட்டுக் கட்டடமாகி, இரண்டாவது ஆசிரியரும் வந்துவிட்டதால் இவர் பெரிய வாத்தியார், அவர் சின்ன வாத்தியார். பெரிய வாத்தியாருக்குக் குடும்பம் திருச்செந்தூர்ப் பக்கம். கீழத்தெருவில் ஒற்றை அறை வீட்டில் தானே பொங்கித் தின்றுகொண்டு இருந்தார்.

1962 ஜூனில் அம்மா என்னைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினாள். வலது கையைத் தலைக்கு மேலே கொடுத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். பல ஊர்களில் அத்தோடு ஜூன் முதல் தேதி என்று ஏதாவது ஒன்றை எழுதிச் சேர்த்துவிடுவார்கள். இவர் விடவில்லை.

“என்னைக்கும்மா பிறந்தான்?”

“அது என்னத்தக் கண்டேன் ஐயா! ரெண்டாவது ஓட்டுப் பெட்டி வந்தப்ப நிறைமாசம். பருத்தி எடுப்பு முடியல, பிறந்துட்டான்.”

“கிழமை?”

“வெள்ளிக்கிழமை. அடுத்த செவ்வா ஊர்ப் பொங்கல். தீட்டுன்னு என்னையக் கோயிலுக்கு விடல.”

எழுந்துபோய் இரும்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பழைய பஞ்சாங்கங்கள், சணல் கயிற்றில் வருட வாரியாகக் கட்டி வைத்தவை. துர்முகி வருடத்தை உருவினார். எங்கள் ஊர் அம்மனுக்குப் பங்குனிக் கடைசிச் செவ்வாய்தான் பொங்கல். அதிலிருந்து பின்னால் நகர்ந்து வெள்ளிக்கிழமையில் விரலை நிறுத்தினார். 1957 ஏப்ரல் 5. மைக்கூட்டில் கட்டைப் பேனாவைத் தொட்டு, பதிவேட்டில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயின் வாய்ச்சொல்லை அவ்வளவு மதித்த மனிதரை அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் நான் பார்க்கவில்லை. எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் இப்படித்தான், வேறு வேறு தேதி.

காமராஜர் 1956இல் கொண்டுவந்த மதிய உணவு எங்கள் ஊருக்கும் வந்திருந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா கணக்கு. ஆறு அரசாங்கம் தரும், நாலு ஊர் போட வேண்டும். வானம் பார்த்த பூமியில் ரொக்கத்துக்கு எங்கே போவது? அறுப்பு முடிந்ததும் பெரிய வாத்தியார் சாக்கோடு களத்துமேட்டுக்குப் போய் நிற்பார். வாய் திறந்து கேட்க மாட்டார். சம்சாரிகள் தாமாகவே குதிரைவாலியோ கம்போ இரண்டு படி போடுவார்கள். தலையில் துண்டைச் சும்மாடு கட்டி அவரே சுமந்து வருவார். அவர் சுமந்து வந்த தானியத்தைத்தான் நாங்கள் தின்றோம் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை. பின்னால் கேர் அமைப்பு கொடுத்த பால் பவுடரும் மக்காச்சோள மாவும் வந்த பிறகுதான் அந்தச் சுமை கொஞ்சம் குறைந்தது.

பள்ளியை ஆய்வு செய்யும் டி.ஐ. வருகிறார் என்று தெரிந்தால் ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். கை நாலு நாளைக்குக் கறுப்பாகவே இருக்கும். ஆனால் அவருக்கு டி.ஐ.யைவிடப் பெரிய கவலை மாசி, பங்குனிதான். பருத்தி வெடித்துவிட்டால் பாதிப் பிள்ளைகள் காட்டில் கிடக்கும். மிச்சத்தைத் தீப்பெட்டி வேலை இழுத்துக்கொள்ளும். எங்களோடு படித்த ஒருத்தி நாலாம் வகுப்பில் நின்றுபோய் வீட்டில் பெட்டி ஒட்ட உட்கார்ந்துவிட்டாள். கணக்கில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிறவள். பெரிய வாத்தியார் பொழுதடைந்ததும் அரிக்கேன் விளக்கோடு அவள் வீட்டுத் திண்ணைக்குப் போவார். அவள் பசை தடவித் தடவி ஒட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்கணக்குக் கேட்பார். “ஒரு குரோசு பெட்டிக்கு இவ்வளவு கூலின்னா ஏழு குரோசுக்கு எவ்வளவுடா தாயி?” கை நிற்காமலே பதில் வரும். அப்படியே ஐந்தாம் வகுப்பையும் முடிக்க வைத்தார்.

ஆறாம் வகுப்புக்கு ஐந்து மைல் தள்ளிப் போக வேண்டும். அவள் பாட்டி ஒரே பிடியாக நின்றாள்: “பொட்டப்பிள்ளைய அம்புட்டுத் தூரம் தனியா விடமாட்டேன் சாமி.”

“தனியா இல்ல பாட்டி. இந்த மூணு பயலுகளும் கூடப் போவானுங்க. ஒரு வாரம் நானும் நடக்கேன்.”

1967 ஜூனில் விடியக் கருக்கலிலே எங்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பத்து மணிக்கு இங்கே மணி அடிக்க வேண்டுமே என்று வண்டிப்பாதையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகுவேகென்று திரும்பி நடப்பார். ஒரு வாரம் என்று சொன்னவர், ஆடி பிறக்கிற வரைக்கும் நடந்தார்.