கல்லில் நின்ற கணம்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றால், ஏறத்தாழ 30 கிலோ மீட்டரில் மாமல்லபுரக் கடற்கரையை அடையலாம். அங்கே இப்பொழுதெல்லாம் மாலை வேளைகளில் மணக்கோலத்தில் இளந்தம்பதியர் நிற்பதைக் காண்கிறோம். “சிரியுங்கள், இன்னொரு முறை நடந்து வாருங்கள்” என்று வீடியோ எடுப்பவர் ஏவ, அவர்களும் அலையோரத்தில் நடந்து நடந்து களைக்கின்றனர்.

ஊருக்குள் வந்து, பல்லவர் காலத்துச் சிற்பிகள் செதுக்கிய பெரும் பாறையின் முன் நின்றோம். அதனை அருச்சுனன் தவம் என்பாரும் உளர். கங்கை இறங்கிய காட்சி என்பாரும் உளர். அதில் ஒரு மான் பின்னங்காலால் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. தன்னை எவரேனும் காண்பதாக அது எண்ணவில்லை. ஒரு பூனையோ கைகளை உயர்த்தித் தவக்கோலம் பூண்டு நிற்க, எலிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. அருகிலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் ஒருவன் பால் கறக்கையில், பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. இயல்பும் உண்டு, வேடமும் உண்டு. இவற்றுள் நெஞ்சை உருக்குவது எது என்று நாம் சொல்லவேண்டுவதில்லை.

மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்பது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (எண் 1057). அச்சொல் ஒருமுறை சொல்லப்படுவது. தாலி கட்டியபின் “இன்னொரு முறை கட்டுங்கள்” என்று பீடத்தருகே குரல் எழுந்தபோது, நாம் இசையவில்லை. மெய்யாக நிகழ்ந்ததை நாடகமாக்குவது முறையன்று.

அன்று மற்றொரு இளைஞர் பக்கத் தூணோரம் ஓசையின்றி நின்றார். பின்வரிசையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண் துடைத்த பாட்டனாரை, தொலைவுக் காட்சி வில்லையால் பதிவு செய்தார். ஆறு திங்களில் பெரியவர் இறைவனடி சேர்ந்தார். அக்குடும்பத்தார் இன்று மீண்டும் மீண்டும் காண்பது அச்சில நொடிகளையே!

முன்னாளில் வீடியோவுக்குச் சுடுவிளக்கும் நீண்ட மின்கம்பியும் வேண்டியிருந்தன. இன்றைய கருவிகளுக்கு ஆலயத்தின் மெல்லொளியே போதும். ஆதலின் அருகே நெருங்க வேண்டுவதில்லை. பெற்றோரே, படம் எடுப்பவரை முன்னதாகவே பங்குக் குருவிடம் அழைத்துவாருங்கள். சடங்கின் வரிசையையும், நிற்கவேண்டிய இடத்தையும் அவர் அறியட்டும். வீட்டுப் பெரியோர் இன்னார் என்றும் காட்டிவையுங்கள். பின்பு அவரைக் காத்திருக்க விடுங்கள். காத்திருப்பவன் கண்ணுக்கே மானும் கன்றும் அகப்படும்.