தண்ணீர் தேடிப் புறப்பட்ட வேஷம்

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகிற சாலையில் இருக்கிறது காணை. ஒன்றிய அலுவலகம் இருக்கும் ஊர் என்பதால் பகலெல்லாம் மனுவும் கையுமாக ஆட்கள் வந்து போகிறார்கள். அவர்களை நம்பி நடக்கும் ஜெராக்ஸ் கடைகளில் ஒன்றுக்குத்தான் நான் போயிருந்தேன். பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ் வேலையெல்லாம் சாயங்காலம் ஓய்ந்ததும் அங்கே வேறு கூட்டம் சேர்கிறது. பின்பக்க மேசையில் ஒரு பழைய லேப்டாப், அதைச் சுற்றி பிளாஸ்டிக் ஸ்டூல்களில் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும்.

லேப்டாப் கடைக்காரருடையது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்தபோது அவருக்குக் கிடைத்தது. மூடியில் அரசு முத்திரை பாதி தேய்ந்திருக்கிறது. பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது, சொருகிய வயரை உருவினால் அணைந்துவிடும். 2 ஜிபி ராம். இன்றைய பெரிய கேம் எதையும் இதில் ஓட்ட முடியாது. ஆனால் 1997 அக்டோபரில் வந்த ‘ஃபால்அவுட்’ இதில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பென்டியம் 90 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 16 எம்பி ராம், ஒரே ஒரு சிடி, இவ்வளவுதான் அந்தக் காலத்தில் அது கேட்டது. அறிவியல் புனைகதை ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கணினி விளையாட்டு, என்றால் என்ன, அதை எப்படி ஆடுவது என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

“சார், இது சுடுற கேம் இல்ல. சுடலாம், ஆனா சுட்டே ஆகணும்னு இல்ல. கூத்துல வேஷம் கட்டுறாங்கல்ல, அந்த மாதிரி. துரியோதனன் வேஷம் கட்டிட்டா விடியுற வரைக்கும் துரியோதனன்தான். நடுவுல அர்ச்சுனனா மாற முடியாது” என்றார் கடைக்காரர். தெருக்கூத்து இன்னும் விடிய விடிய நடக்கிற பக்கம் இது. ஸ்டூலில் இருந்த யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கதை என்ன?

2077ல் ஓர் அணு ஆயுதப் போர். உலகம் சில மணி நேரத்தில் சாம்பலாகிறது. அமெரிக்காவில் பூமிக்கடியில் கட்டிய ‘வால்ட்’ என்னும் காப்பறைகளுக்குள் கொஞ்சம் பேர் தப்பிக்கிறார்கள். தலைமுறைகள் கடந்து 2161 டிசம்பர் 5ம் தேதி ஆட்டம் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் மலைக்குள் இருக்கும் வால்ட் 13ல் தண்ணீரைச் சுத்திகரித்து ஓடவைக்கும் சிப் பழுதாகிவிட்டது. மாற்று சிப் கையிருப்பில் இல்லை. 150 நாளுக்குள் வெளியே போய் ஒன்றைத் தேடிக் கொண்டுவர வேண்டும். வெளியே என்ன இருக்கிறதென்று உள்ளே யாருக்கும் தெரியாது. அனுப்பப்படுகிற ஆள் நீங்கள்.

ராட்சதர்களோ விண்கலங்களோ இல்லாமல், ஊருக்குத் தண்ணீர் வரவில்லை என்று தொடங்குகிற கதை. மோட்டார் காயில் எரிந்துபோனால் குடத்தோடு அலைய வேண்டியிருக்கும் என்பதை அறிந்த பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடித்துவிடுகிறது.

வேஷம் கட்டும் படலம்

முதல் திரையிலேயே பாதி ஆட்டம் தீர்மானமாகிவிடுகிறது. உங்கள் ஆளுக்கு ஏழு குணங்கள்: வலு, கூர்நோக்கு, தாங்குதிறன், வசீகரம், அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம். ஒவ்வொன்றும் 5ல் நிற்கும். கூடுதலாக 5 புள்ளி தருவார்கள். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம். குறைந்தது 1, அதிகபட்சம் 10. எப்படி மாற்றினாலும் மொத்தம் 40 தாண்டாது.

பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன் முதலில் உட்கார்ந்தான். வலு 10, தாங்குதிறன் 7, சுறுசுறுப்பு 8 என்று ஏற்றிக்கொண்டே போனான். புள்ளி தீர்ந்ததும் வசீகரத்தை 2க்கும் அறிவை 3க்கும் இறக்கினான். உயிர்ப்புள்ளி 39 வந்தது. “செம பாடிண்ணா!” என்று துள்ளினான். கடைக்காரர் சிரித்தாரே தவிர எதுவும் சொல்லவில்லை.

அடுத்து அவனுடைய அக்கா. விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். வலு 4, கூர்நோக்கு 6, தாங்குதிறன் 4, வசீகரம் 6, அறிவு 9, சுறுசுறுப்பு 8, அதிர்ஷ்டம் 3. உயிர்ப்புள்ளி 27தான். “ஒரே அடியில செத்துருவ” என்றான் தம்பி. ஆனால் இந்த விளையாட்டின் கணக்கு வேறு. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் கிடைக்கும் திறன் புள்ளி, அறிவை இரண்டால் பெருக்கி 5 கூட்டினால் வருவது. அக்காவுக்கு லெவலுக்கு 23, தம்பிக்கு 11. நாலைந்து லெவல் தாண்டுவதற்குள் இருவருக்கும் இடையில் பெரிய பள்ளம் விழுந்துவிடும்.

பிறகு 18 திறன்களில் மூன்றைச் சிறப்புத் திறனாகக் குறிக்கச் சொல்கிறது. அவை தொடக்கத்திலேயே உயர்ந்து நிற்கும், வேகமாகவும் வளரும். அக்கா எடுத்தவை சிறு துப்பாக்கி, பேச்சு, பழுதுபார்த்தல். துப்பாக்கி உயிரைக் காக்க, பேச்சு ஊருக்குள் நுழைய. பழுதுபார்த்தல் எதற்கு என்று கேட்டேன். “தண்ணி மோட்டார் கதைதான சார், எங்கயாச்சும் உதவும்” என்றாள். அது எவ்வளவு சரியான கணிப்பு என்பது அடுத்தடுத்த சாயங்காலங்களில்தான் தெரிந்தது.

குகையும் எலியும்

வால்டின் கனத்த கதவு பின்னால் மூடிக்கொள்கிறது. வாசலில் ஓர் எலும்புக்கூடு, நமக்கு முன்னால் போனவருடையது. குகை முழுக்கப் பெரிய எலிகள். சண்டை தொடங்கியதும் திரை நின்றுவிடுகிறது. சதுரங்கம் போல ஆளுக்கொரு முறை. உங்கள் முறையில் எவ்வளவு செய்யலாம் என்பதைச் செயல்புள்ளி தீர்மானிக்கிறது. சுறுசுறுப்பில் பாதியோடு 5 கூட்டினால் அது வரும். அக்காவுக்கு 9. கைத்துப்பாக்கியால் ஒருமுறை சுட 5, ஓர் அடி நகர 1. சுட்டுவிட்டு நாலடி பின்வாங்கினால், எதிரி ஓடி வருவதிலேயே தன் புள்ளியைச் செலவழித்துவிடுவான். வலுவில்லாதவள் பிழைக்கிற வழி இது.

ஒரு புள்ளி அதிகம் கொடுத்தால் குறிபார்த்துச் சுடலாம். தலை, கண், கை, கால் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை சதவீதம் படும் என்று காட்டும். கண்ணுக்கு மிகக் குறைவு. பட்டால் பாதிப்பு பெரிது. எலிக்கெல்லாம் தோட்டாவை வீணாக்கக் கூடாது, கத்தி போதும் என்பது கடைக்காரரின் கண்டிப்பான உத்தரவு.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. பேட்டரி இல்லாத லேப்டாப் அப்படியே இருண்டது. யாரும் பதறவில்லை. எஃப் 6 விசையைத் தட்டினால் ஆட்டம் அந்த இடத்திலேயே சேவ் ஆகிவிடும், எஃப் 7 தட்டினால் திரும்ப வரும். அங்கே எல்லாருக்கும் எஃப் 6 விரல் பழக்கமாகிவிட்டது. ஆனால் கடைக்காரர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்: “கரண்டுக்காக சேவ் பண்ணு. பேசுன பேச்சைத் திருப்பி வாங்குறதுக்காகப் பண்ணாதே.” விவரம் தெரியாமல் ஒரு பதில் சொல்லிவிட்டால், அதன் விளைவோடுதான் மேலே போக வேண்டும்.

ஷேடி சாண்ட்ஸ்

குகையை விட்டு வெளியேறினால் வரைபடம் விரியும். கிழக்கே வால்ட் 15. வழியில் ஷேடி சாண்ட்ஸ் என்ற சிற்றூர், மண் சுவர், கிணறு, வயல். ஊர்த்தலைவர் பெயர் அரதேஷ், மகள் பெயர் தாண்டி. பேச்சில் தர்மம் என்ற சொல் புழங்குகிறது. கலிஃபோர்னியப் பாலையின் நடுவே இந்தியச் சாயலில் ஓர் ஊர்! அரதேஷுக்குக் குரல் கொடுத்தவர் ஹாலிவுட் நடிகர் டோனி ஷாலூப்.

தம்பியின் ஆள் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே ஊருக்குள் நுழைந்தான். ஆயுதத்தை உள்ளே வை என்றார்கள் காவலுக்கு நின்றவர்கள். பதில் சொல்லலாம் என்று பார்த்தால் திரையில் முக்கலும் முனகலும்தான் வருகின்றன. அறிவு 4க்குக் கீழே போனால் உங்கள் ஆளுக்கு வாக்கியம் வராது. தலைவர் என்ன சொல்கிறார், ஊருக்குத் தேள்களால் என்ன தொல்லை, எதுவும் அவனிடம் பேசிப் புரியவைக்க முடியவில்லை. “என்னடா இது, உன்னாட்டமே பேசுறான்” என்றாள் அக்கா. கடை அதிர்ந்தது.

அவள் ஆள் நுழைந்தபோது அதே ஊர் வேறு ஊராக இருந்தது. இயன் என்ற காவல்காரன் 100 மூடி கொடுத்தால் துணைக்கு வருவான். இங்கே காசு என்பது சோடா பாட்டில் மூடி. ஹப் என்ற நகரத்து வணிகர்கள் அதற்குத் தண்ணீரை ஈடாக வைத்திருக்கிறார்கள். இயன் நல்லவன்தான், ஆனால் அவன் கையில் எந்திரத் துப்பாக்கியை மட்டும் கொடுக்காதீர்கள், எதிரிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றால் உங்கள் முதுகில்தான் பாயும். உலகம் முழுக்க இந்த ஆட்டத்தை ஆடியவர்கள் எல்லாரும் சொல்லும் புகார் அது.

வயலில் ஓர் உழவரைக் கண்டதும் அக்கா நின்றாள். அறிவியல் திறன் போதிய அளவு இருந்தால், பயிரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி அவருக்கு யோசனை தரலாம், அனுபவப் புள்ளி கிடைக்கும். “நெல்லு அறுத்துட்டு மல்லாட்டையோ உளுந்தோ போடச் சொல்லு, அதுகூடத் தெரியாத ஊரா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஆனால் திரையில் அந்த வரி வரவில்லை. ஆடுபவருக்குத் தெரிந்தால் போதாது, வேஷத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆர்பிஜியின் இலக்கணமே இந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் கயிறு தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். கயிறு இல்லாமல் வால்ட் 15ன் உடைந்த லிஃப்ட் குழியில் இறங்க முடியாது. இறங்கினாலும் அடியில் இருப்பது பாறைச் சரிவு மட்டுமே. சிப் அங்கே இல்லை. நாள் கணக்கு மட்டும் குறைந்திருக்கும்.

பிணநகரத்தின் பம்பு

பிறகு ஜங்க்டவுன், ஹப் என்று நகரங்கள் விரிகின்றன. ஹப்பில் தண்ணீர் வணிகர்களுக்குப் பணம் கட்டினால் வால்டுக்குத் தண்ணீர் அனுப்புவார்கள், கெடுவில் 100 நாள் கூடும். அதற்கும் பின்னால் ஒரு விலை உண்டு.

சிப் இருப்பது நெக்ரோபோலிஸில். கதிர்வீச்சில் தோல் உரிந்தும் சாகாமல் வாழும் கூல்கள் என்ற மனிதர்களின் நகரம் அது. அவர்களுடைய தண்ணீரும் அந்த ஒரே சிப்பை நம்பித்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம், உங்கள் ஊர் பிழைக்கும், அவர்கள் தாகத்தில் சாவார்கள். அல்லது அங்கே பழுதாகிக் கிடக்கும் பழைய பம்பைச் சரிசெய்துவிட்டு எடுக்கலாம். அதற்கு உதிரிபாகம் வேண்டும், பழுதுபார்க்கும் திறனும் வேண்டும்.

தம்பி பக்கத்திலிருந்து “எடுத்துட்டு ஓடு, நாள் இல்ல” என்று அவசரப்படுத்தினான். அக்கா சாக்கடைக்குள் இறங்கினாள். அங்கே ஒதுங்கி வாழும் கூல்களிடம் பேசினாள், உதிரிபாகத்தைத் தேடி எடுத்தாள். பம்பில் கைவைத்தாள், முதல் முயற்சி பலிக்கவில்லை. மறுபடி செய்தாள், ஓடியது. அதன் பிறகே சிப்பை எடுத்தாள். அப்படிச் செய்யும்படி ஆட்டம் அவளைக் கட்டாயப்படுத்தவே இல்லை. எடுத்துக்கொண்டு ஓடியிருந்தாலும் கதை தொடர்ந்திருக்கும், அந்த நகரம் மட்டும் இருந்திருக்காது.

இதை உருவாக்கியவர்கள்

1988ல் ‘வேஸ்ட்லேண்ட்’ என்ற ஆட்டத்தை உருவாக்கிய இன்டர்பிளே நிறுவனத்தின் படைப்பு இது. டிம் கெய்ன் தலைமையிலான குழு முதலில் ‘கர்ப்ஸ்’ என்ற மேசைமேல் ஆடும் ஆட்டத்தின் விதிகளில்தான் இதைக் கட்டியது. உரிமை பற்றிய ஒப்பந்தம் முறிந்ததால் அவசரமாகப் புது விதிகள் செய்தார்கள். அந்த ஏழு குணங்கள் பிறந்தது அப்படித்தான். பின்னால் இன்டர்பிளே நொடித்து, 2007ல் ஃபால்அவுட் உரிமை பெதஸ்டா கைக்குப் போனது. 2024 ஏப்ரலில் அமேசான் பிரைமில் தொடராகவும் வந்தது.

நீங்கள் ஆடப்போவதானால்

விலை கொடுத்து வாங்குங்கள். ஸ்டீமிலும் ஜிஓஜியிலும் கிடைக்கிறது, தள்ளுபடி நாட்களில் மிக மலிவு. முதல் ஆட்டத்துக்கு அறிவு 8க்கும் சுறுசுறுப்பு 8க்கும் குறையாமல் வையுங்கள், வலுவை இறக்கத் தயங்காதீர்கள். பேச்சும் சிறு துப்பாக்கியும் கட்டாயம், மூன்றாவது உங்கள் விருப்பம். பத்து சேவ் இடங்கள் இருக்கின்றன, ஒன்றின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதாமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். உரையாடல் முழுக்க ஆங்கிலம்தான், தமிழ்ப் பதிப்பு இல்லை. காணைப் பிள்ளைகள் தெரியாத சொல்லுக்கு அர்த்தம் பார்க்க போனை மடியில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள், நீங்களும் அப்படியே செய்யலாம். ரத்தம் தெறிக்கிற ஆட்டம், சின்னக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டாம்.

யூடியூபில் வழி பார்த்து ஆடாதீர்கள். குறையுள்ள ஒரு வேஷத்தைக் கட்டிக்கொண்டு, அதற்குத் தெரிந்த வழியில் மட்டும் போய்ப் பாருங்கள். சிப்பைக் கொண்டுவந்து கொடுத்ததும் ஆட்டம் முடிந்துவிட்டதாக நினைத்து லேப்டாப்பை மூடிவிட வேண்டாம். வால்டின் மேற்பார்வையாளர் அடுத்த வேலையோடு காத்திருப்பார், அது முதலாவதைவிடப் பெரியது.