ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

திருநெல்வேலியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வெளியூரிலிருந்து பந்துக்கள் வந்தால் முதல் நாள் அல்வா வாங்கிக் கொடுத்துவிடலாம். இரண்டாம் நாளும் அல்வாவே வாங்கிக் கொடுத்தால், அவர்களுடைய தேக ஆரோக்கியத்தைப் பற்றி நமக்கே கவலை உண்டாகிறது. மூன்றாம் நாள், "ஊரில் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டே விடுகிறார்கள். இருபது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பித்து வரும் நமக்கும் இந்தக் கேள்விக்குச் சட்டென்று விடை வருவதில்லை.

சென்ற பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து நமது தமக்கையும் அத்தானும் அவர்களுடைய பன்னிரண்டு வயதுப் பெண்ணும் வந்திருந்தார்கள். மருமகள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. விடுமுறைக்குப் போகும் ஊரில் செய்ய வேண்டிய காரியங்கள் என்னென்ன என்று எழுதிக்கொண்டு வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். வேய்ந்தான்குளம் பஸ் நிலையத்தில் காலை வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"மாமா! பெயரில் குளம் இருக்கிறதே, குளம் எங்கே?"

"நீ நிற்கிற இடந்தான், அம்மா!" என்றோம்.

அது பரிகாசம் அல்ல. அந்தக் குளத்தின் ஒரு பகுதியிலேதான் 2003-ஆம் வருஷத்தில் புதிய பஸ் நிலையம் எழுந்தது. மிச்சக் குளம் பக்கத்தில் இருக்கிறது. மருமகள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டாள். நமக்கு அது அவ்வளவு ரஸிக்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம்.

அன்று காலையே எல்லோரையும் குறுக்குத்துறைக்கு அழைத்துச் சென்றோம். தாமிரபரணியில் ஸ்நானம் செய்யாதவன் திருநெல்வேலிக்கு வந்ததாகக் கணக்கில்லை. பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் நதி இது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இதற்குத் தண்ணீர் கொடுக்கின்றன. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலைச் சேருவதால், பக்கத்து ராஜ்யத்தாரிடம் கையேந்த வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், நகருக்குள் சில இடங்களில் சாக்கடை நீரும் வந்து கலக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. ஆகையால் விருந்தாளிகளை எந்தத் துறைக்கு அழைத்துப் போவது என்பதில் சற்று ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது.

குறுக்குத்துறையில் முருகன் கோயில் ஆற்றின் நடுவிலேயே பாறைமேல் நிற்கிறது. நமக்கு நீச்சல் கற்பித்தவர் நமது தகப்பனார், இந்தத் துறையிலேதான். கற்பித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டார்! "ஆற்றினிடம் பயம் வேண்டும், குளத்தினிடம் நன்றி வேண்டும்" என்று அவர் அடிக்கடி சொல்லுவார். முதல் பாதி அன்றே விளங்கிவிட்டது. இரண்டாம் பாதி விளங்குவதற்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

"மாமா, வெள்ளம் வந்தால் சுவாமி என்ன செய்வார்?" என்று மருமகள் கேட்டாள்.

"வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவமூர்த்தியையும் கோயில் சாமான்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். ஆறு கோயிலை மூழ்கடித்துவிட்டுப் போகும். வடிந்த பிறகு கழுவிவிட்டு மறுபடியும் பூஜை நடக்கும்."

"அப்படியானால் கட்டும்போதே தெரியும், இல்லையா?"

தெரியும். ஆற்றுக்குள் கட்டியவர்கள் ஆறு வரும் என்று தெரிந்தே கட்டினார்கள். வரும்போது வழிவிட்டு ஒதுங்கவும் ஏற்பாடு செய்தார்கள்.

மாலையில் சுலோசன முதலியார் பாலத்தின்மேல் நடந்தோம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஜனங்கள் ஆற்றைக் கடக்கப் படும் அவதியைப் பார்த்துத் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு கட்டுவித்தது இது. 1843-இல் திறக்கப்பட்டது. பதினொரு வளைவுகளோடு இன்றைக்கும் நம்மைத் தாங்குகிறது. சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் தம் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டினார் என்று கேட்டதும் அத்தான், "நிஜமாகவா?" என்று மூன்று முறை கேட்டார். அவரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்தாம்.

பிறகு நெல்லையப்பர் சந்நிதியையும் காந்திமதி அம்மன் சந்நிதியையும் தரிசித்தோம். ஸ்வரம் பேசும் கல்தூண்களையும், நடராஜப் பெருமானின் தாமிர சபையையும் பார்த்தோம். கீழ ரத வீதியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, இலையில் சுடச்சுட அல்வா வாங்கிச் சாப்பிட்டோம். சம்பா கோதுமையை ஊறவைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவதுதான் அல்வா. இதை எந்த ஊரிலும் செய்யலாம். ஆனால் ருசியின் புகழை மட்டும் எங்கள் ஊர்க்காரர்கள் ஆற்றுத் தண்ணீருக்கே கொடுத்துவிடுவார்கள்.

மறுநாள் கூந்தன்குளத்துக்குப் போனோம். நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; நாங்குநேரித் தாலுகாவில் இருக்கிறது. மணிமுத்தாறு அணையின் தண்ணீர் அந்தக் குளத்துக்கு வருகிறது. குளம் முழுதும் பறவைகள்! கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், தூரத்தில் ஆழமில்லாத நீரில் வரிசையாகப் பூநாரை. இமயத்துக்கு அப்பாலிருந்து பட்டைத்தலை வாத்தும் இங்கே வருவதுண்டு. 1994-இல் இது பறவைகள் சரணாலயமாயிற்று; 2022-இல் ராம்ஸார் என்னும் சர்வதேச ஈரநில ஜாபிதாவில் இதன் பெயர் அறிவிக்கப்பட்டது.

ஆனால் சர்க்கார் உத்தரவு வருவதற்கு வெகு காலம் முன்பே பறவைகளுக்குக் காவல் நின்றவர்கள் அந்தக் கிராமத்து ஜனங்கள். வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரை கூடு கட்டுகிறது; குஞ்சு பொரிக்கிறது; வாசலில் எச்சம் இடுகிறது. ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எச்சம் கலந்த வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். "இந்த ஊரில் பறவைகள்தான் வீட்டுக்காரர்கள் போலிருக்கிறது, மனிதர்கள் குடிக்கூலிக்கு இருக்கிறார்கள்" என்றாள் தமக்கை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மருமகளை மாத்திரம் எழுப்பி, சுத்தமல்லி அணைக்கட்டுக்கு அழைத்துப் போனோம். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை. அணைக்கட்டு என்றால் மலைபோல் உயர்ந்த சுவர் என்று எண்ணிவிடக்கூடாது. ஆற்றைத் தடுத்து நிறுத்துவது அதன் நோக்கமல்ல. தண்ணீரைச் சற்று நிமிரச் செய்து, பக்கத்துக் கால்வாயில் திருப்பிவிட்டு, மிகுதியைத் தன் தலைக்கு மேலேயே போகவிடும். கால்வாய்த் தண்ணீர் ஒரு குளத்தை நிரப்பும். அது நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். இப்படி எட்டு அணைக்கட்டுகள், பதினொரு கால்வாய்கள், நூற்றுக்கு மேற்பட்ட குளங்கள். இவற்றால் விளையும் நிலம் சுமார் 86,000 ஏக்கர். காரும் பிசானமும் இரு போகமாக விளைந்ததெல்லாம் இந்த ஏற்பாட்டினால்தான்.

சுத்தமல்லியில் புறப்படும் நெல்லைக் கால்வாயின் ஓரமாகவே, நடந்தும் ஆட்டோவில் ஏறியும், நயினார்குளத்துக் கரைக்கு வந்து சேர்ந்தோம். காய்கறி மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம் ஒரு பக்கம். அமலைச் செடி படர்ந்த குளம் ஒரு பக்கம். 2011 முதல் பொங்கலை ஒட்டித் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அதைப் பார்த்து நாமும் நம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை அன்று வரச் சொல்லியிருந்தோம். நாமக்கோழியை ஒருவன் நூற்றிருபது என்றான். மருமகள் நூற்று முப்பத்தாறு என்றாள். இரண்டு பேரும் சண்டையிட்டுக்கொண்டிருக்கையில், கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நம்மிடம் வந்தார்.

"ஸார்வாள், கொக்கை எண்ணி என்ன செய்யப் போறீங்க?"

"குளம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறோம், ஐயா."

"நல்லா எண்ணுங்க. பட்சி இருக்கிற மட்டும் குளம்னு சொல்லுவாங்க. பட்சி போயிட்டா பிளாட்டுன்னு சொல்லிருவாங்க!"

பிள்ளைகள் சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை. நம்மை நிமிர்ந்து பார்த்து, "மாமா, உங்கள் வீடு இருக்கிற இடத்துக்கு முன்னால் பறவை வந்ததா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் நேயர்களிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். சுமார் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, கடன் வாங்கி ஒரு மனை வாங்கினோம். விற்றவர் ரஸ்தாவைக் காட்டினார். மின்சாரக் கம்பத்தைக் காட்டினார். பழைய கரையின் மேடு சற்றுத் தூரத்தில் தெரிந்தது. அதை அவர் காட்டவில்லை. நாமும் கேட்கவில்லை. பக்கத்துக் கிராமத்தார் ஒருவர், "அது குளத்து உள்வாய் ஆச்சே, ஸார்வாள்" என்று சொல்லத்தான் சொன்னார். விலை சகாயமாக இருந்தபடியால் அந்த வார்த்தை நம் காதில் நுழையவில்லை. குளம் என்றால் என்ன, உள்வாய் என்றால் என்ன என்று வருஷந்தோறும் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டும் நமக்கே இந்தக் கதி!

2023 டிசம்பர் 17-ஆம் தேதி மழை பிடித்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்றால் நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அன்று இரவு, வாடகை பாக்கியை வசூல் செய்ய வந்த வீட்டுக்காரரைப் போலக் குளம் நம் வீட்டுக்குள் நுழைந்தது. இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் அடுத்த வீட்டு மாடியில் கழித்தோம். தகப்பனார் நமக்கு வைத்துவிட்டுப் போன பெரிய பூகோளப் படப்புத்தகம் ஊறிக் கூழாகிவிட்டது. சென்னையிலிருந்து தமக்கை பதறிப்போய்ப் பணம் அனுப்பினாள். "ஆற்று வெள்ளம், அக்கா, இயற்கையின் கோபத்துக்கு நாம் என்ன செய்ய முடியும்?" என்று டெலிபோனில் சொன்னோம். வகுப்பிலும் அப்படியேதான் சொன்னோம்.

நயினார்குளத்துக் கரையில் அந்தச் சிறு பெண் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் நம் மாணாக்கர்கள் நின்றார்கள்.

"வந்திருக்கும், அம்மா. அது குளத்து உள்வாய். தண்ணீர் நம் வீட்டுக்கு வரவில்லை. தண்ணீரின் வீட்டில் நாம் இருக்கிறோம். வாங்கும்போது கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை" என்றோம்.

"இதை எழுதட்டுமா, மாமா?"

"எழுது."

பிள்ளைகள் ஒருவரும் நம்மைப் பார்த்து நகைக்கவில்லை. நூற்றிருபது என்று எண்ணியவன் மாத்திரம், "எங்கள் வீடும் அப்படித்தான் இருக்கும், ஸார். தாத்தாவிடம் கேட்டுப் பார்க்கிறேன்" என்றான். அடுத்த வாரமே வகுப்பில் ஊரின் பழைய படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, அவரவர் வீடு எந்தக் குளத்துக்கும் எந்தக் காலுக்கும் பக்கத்தில் இருக்கிறது என்று குறிக்கச் சொன்னோம். நமது வீட்டை நாமே முதலில் குறித்தோம்.

விருந்தாளிகளை வழியனுப்ப வேய்ந்தான்குளத்துக்குப் போனபோது, மருமகள் தன் ஜாபிதாவை வாசித்துக் காட்டினாள். "திருநெல்வேலியில் செய்ய வேண்டியவை: ஒன்று, குறுக்குத்துறையில் குளிப்பது. இரண்டு, பாலத்தின்மேல் நடப்பது. மூன்று, கோயிலில் கல்தூணைப் பார்ப்பது, தட்டக்கூடாது. நான்கு, அல்வா. ஐந்து, கூந்தன்குளம். ஆறு, கால்வாயோடு குளம் வரையில் போவது. ஏழு, நாமக்கோழி எண்ணுவது, நூற்று முப்பத்தாறு. எட்டு, மாமா வீட்டில் தங்குவது. அதுவும் ஒரு குளந்தான்."

தமக்கை நம் முகத்தைப் பார்த்தாள். டெலிபோனில் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல், "மழைக்காலத்தில் சாமான்களை உயர வைத்துக்கொள், தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் புறப்பட்ட பிறகு, மிச்சமிருக்கும் குளத்தின் பக்கமாக நடந்து வந்தோம். நாலைந்து கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. பழக்க தோஷத்தினால் எண்ணிப் பார்த்தோம். ஏழு இருந்தன.