காற்றுக்கு ஒதுங்கிய இடங்கள்

ஜூலை 16, பிரெஞ்ச்மன் பள்ளத்தாக்கு

ரெஜைனாவிலிருந்து தென்மேற்காகக் காரில் புறப்பட்டு, கோதுமை வயல்களும் மஞ்சள் பூத்த கனோலா வயல்களும் மாறி மாறி வரும் சமவெளியைக் கடந்து, பிற்பகலில் வால் மேரி என்ற சிற்றூரை அடைந்து, அங்குள்ள பூங்கா அலுவலகத்தில் சீட்டும் வரைபடமும் பெற்றுக்கொண்டு, கிராஸ்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதிக்குள் இறங்கியபோது, அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்த என் மைத்துனன் திடீரென்று வாயை மூடிக்கொண்டான். இயற்கையின் சௌந்தரியத்தில் மெய்மறந்துவிட்டான் போலும் என்று எண்ணினேன். சற்றுப் பொறுத்து அவனே வாயைத் திறந்தான்: "அத்தான், ஒரு மரங்கூட இல்லையே! இங்கேயா ராத்திரி தங்கப் போகிறோம்?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. கனடாவின் சாஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்கோடியில், அமெரிக்க எல்லையை ஒட்டிக் கிடக்கும் இந்தப் பிரதேசத்தையும் சேர்த்துத்தான், 1857 முதல் 1860 வரை பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காக இந்தச் சமவெளிகளைச் சோதித்த ஜான் பாலிஸர், இது வறண்ட பூமி, விவசாயத்துக்கு லாயக்கில்லை என்று அறிக்கை எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் ஏர் பூட்டினார்கள். 1930-களின் புழுதிப் புயல் பலரை மூட்டை கட்ட வைத்தது. உழப்படாமல் தப்பிய புல்வெளியைக் காக்க 1981-இல் மத்திய அரசும் மாகாண அரசும் உடன்படிக்கை செய்துகொண்டு, மாட்டுப் பண்ணைக்காரர்களில் விற்க மனமுள்ளவர்களிடம் சிறிது சிறிதாக நிலம் வாங்கி இந்தப் பூங்காவை அமைத்தார்கள். ஆகவே மரம் இல்லாதது இங்கே குறையாகாது. மரம் இருந்தால்தான் யாரோ தலையிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

காற்று வேறு விஷயம். துணிக் கூடாரத்தை விரித்து ஒரு மூலையில் முளை அடிப்பதற்குள் மறு மூலை பாய்மரம்போல் எழும்பி நின்றது. தரை களிமண், வெயிலில் செங்கல்லாக இறுகியிருந்தது. கணுக்கால் உயரங்கூட எழாமல் புல்லோடு புல்லாக ஒளிந்திருக்கும் சப்பாத்திக்கள்ளியை ஒவ்வொரு சாணாகப் பார்த்து ஒதுக்கிவிட்டு, காருக்குப் பின்புறம் காற்று மறைவில், ஒருவர் துணியின்மேல் உட்கார மற்றவர் முளை அடிப்பது என்ற கிரமத்தில், ஒருவாறு கூடாரத்தை எழுப்பினோம்.

வேலை முடிந்து காலுறையைக் கழற்றினால் அதில் புல்விதைகள் தைத்திருந்தன. ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். முனையில் கூரிய ஊசி. அதன் பின்னால் விரலைக் காட்டிலும் நீண்ட, முறுக்கேறிய இழை. ஈரம் பட்டால் அந்த இழை முறுக்கவிழும். காய்ந்தால் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். இந்தச் சுழற்சியாலேயே விதை தன்னைத் தானே மண்ணுக்குள் திருகிக்கொள்கிறதாம். மழை அரிதான இடத்தில், நட ஆளில்லாத விதை, ஆணியும் திருப்புளியும் ஒருங்கே தானாகிப் பிழைக்கிறது.

ஜூலை 17, அதே இடம்

இன்று மைத்துனனின் முறை. பூங்கா இலாகா வாடகைக்கு விடும் 'ஓடென்டிக்' என்ற கித்தான் குடிலில் ஓர் இரவு தங்குவதற்கு அவன் முன்பே பதிவு செய்து வைத்திருந்தான். பாதி கூடாரம், பாதி மர வீடு. தரை மட்டத்துக்கு மேலே உயர்த்திய பலகைத் தளம், மரச் சட்டங்கள், அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய தடித்த கித்தான், ஆறு பேர் படுக்கக்கூடிய மெத்தைக் கட்டில்கள், மேஜை நாற்காலி. போர்வையும் தலையணையும் நாமே கொண்டுவர வேண்டும். உள்ளே அடுப்பு மூட்டிச் சமைக்கலாகாது. "இதற்குப் பெயர் கூடாரமா, பங்களாவா?" என்று நான் கேட்டதற்கு, "நேற்று ராத்திரி உங்கள் முதுகு என்ன சொல்லிற்று, அதைச் சொல்லுங்கள்" என்றான்.

இப்படிப்பட்ட சொகுசு முகாமுக்கு இப்போது கிளாம்பிங் என்று பெயர் வழங்குகிறது. வெட்டவெளியில் கட்டாந்தரையில் படுத்து, கொசுக்கடிபட்டு, ஈரக் காலுறையோடு எழுந்திருப்பதே உண்மையான முகாம் வாழ்க்கை என்றும், மெத்தையில் படுப்பவன் வேஷக்காரன் என்றும் கருதும் ஒரு வைதிகக் கூட்டம் எல்லா முகாம்களிலும் உண்டு. நானும் சில காலம் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றவன்தான். ஆனால் இன்று காலையில் பார்த்த ஒன்று அந்தச் சித்தாந்தத்தை ஆட்டிவிட்டது.

பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் ஏறினோம். அங்கே புல்லில் பாதி புதைந்து, பாசி படிந்து, வட்டமாகக் கற்கள் கிடந்தன. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே கை நுழையும் இடைவெளி. வட்டத்துக்குள் பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். அதற்கப்பால் இன்னொரு வட்டம். அதற்கும் அப்பால் மற்றொன்று. நகோடா, கிரீ, பிளாக்ஃபுட் முதலிய ஜனங்கள் காட்டெருமைத் தோலால் அமைத்த டீப்பி என்னும் கூம்புக் கூடாரத்தின் அடிவிளிம்பு காற்றில் எழும்பாதபடி வைத்த பாரக் கற்கள் அவை. முகாம் கலைந்தபோது தோலையும் கழிகளையும் எடுத்துச் சென்றார்கள். கற்களை உருட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இந்தப் பூங்காவுக்குள் இத்தகைய வட்டங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

டீப்பி நேரான கூம்பு அன்று. மேல்காற்று வீசும் பக்கமாக முதுகைச் சற்று நிமிர்த்தி, எதிர்ப்புறம் சாய்வை நீட்டி, வாசலைக் கிழக்கே வைத்துக் கட்டுவது வழக்கம். உச்சியிலுள்ள புகைமடல்களைக் காற்றின் திசைக்கேற்ப வெளியிலிருந்தே கழிகளால் திருப்பிக்கொள்ளலாம். உள்ளே ஓர் உட்திரை தொங்கும். நடுவில் நெருப்பு எரியும். சுற்றிலும் ரோமம் அடர்ந்த காட்டெருமைத் தோல் விரித்திருக்கும். இந்தச் சமவெளியில் வாழ்நாள் முழுவதும் கூடாரத்தில் கழித்த அந்த மக்கள் கட்டாந்தரையில் ஒரு நாளும் படுக்கவில்லை. கஷ்டத்தை விரதமாகக் கொள்ளவும் இல்லை. ஊரில் கட்டிலும் கணப்பும் காத்திருக்கிறவனுக்குத்தான் இரண்டு நாள் கஷ்டப்படுவது ஒரு பெருமை. 1874-இல் அரசாங்கத்துக்கும் இந்தப் பகுதிப் பூர்வகுடிகளுக்கும் இடையே நான்காம் உடன்படிக்கை கையெழுத்தாகி, அடுத்த சில ஆண்டுகளில் காட்டெருமைகளும் அழிந்தபின், இவர்கள் ஒதுக்கு நிலங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். கூடாரவாசத்தின் சாஸ்திரம் அறிந்தவர்களை அப்புறப்படுத்திவிட்டு, அதே இடத்தில் நாம் அதை அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறோம்.

இரவு காற்று வலுத்தது. கித்தான் சுவர் விம்மி விம்மித் தணிந்தது. ஆனால் எதுவும் அசையவில்லை; நான் நன்றாகத் தூங்கினேன் என்பதை மைத்துனனிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூலை 18

பகல் முழுதும் வெயில். வழியோரத்தில் கருவால் பிரெய்ரி நாய்களின் குடியிருப்பு. பெயர்தான் நாய், பிராணி அணில் ஜாதி. கனடாவில் இவை இயற்கையாக வாழ்வது இந்தப் பகுதியில் மட்டுமே. வளைக்கு ஒன்றாக நின்றுகொண்டு, நாங்கள் வருவதை ஊரெல்லாம் அறிவித்தன.

பிற்பகலில் ஓர் ஒற்றைப் பாறையைக் கண்டோம். பனியாறு எங்கிருந்தோ சுமந்து வந்து போட்டுவிட்டுப் போன கல். இடுப்பு உயரத்தில் அதன் விளிம்புகள் மெருகேற்றியதுபோல் வழவழவென்றிருந்தன. சுற்றிலும் தரை குழிந்து ஓடையாக இருந்தது. மரமில்லாத நாட்டில் காட்டெருமைகள் முதுகு சொறிந்துகொள்ள வேறு கதியில்லாமல், தலைமுறை தலைமுறையாக உரசி உரசித் தேய்த்த கல் அது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கல் சும்மா நின்றது. 2005-இல் எல்க் ஐலண்டு தேசியப் பூங்காவிலிருந்து 71 காட்டெருமைகளைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் பார்த்தபோது பாறையின் பிளவில் பழுப்பு ரோமம் சிக்கியிருந்தது.

2009 முதல் இந்தப் பூங்கா, விளக்கொளி படாமல் இரவு வானத்தைக் காக்கும் இருள்வானக் காப்பிடம். நட்சத்திரம் பார்ப்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு. ஆனால் இந்த மாதத்தில் சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகிறது, இருட்டு முழுமையாகப் பதினோரு மணிக்கு மேல். மைத்துனன் அதற்குள் குறட்டைவிட்டான்.

ஜூலை 19, சைப்ரஸ் ஹில்ஸ்

மேற்கே இரண்டு மாகாணங்களின் எல்லையில் கிடக்கும் குன்றுகள். 1989 முதல் இரு மாகாணங்களுக்கும் பொதுவான பூங்கா. பனியாறு மூடியபோதும் இதன் உச்சி தீவுபோல் மேலே நின்றதாகப் புவியியலார் சொல்வார்கள். ஓங்கிய பைன் மரங்கள், ஏரி, படகு, கடை, யர்ட் என்னும் வட்டக் குடில்கள், வரிசை வரிசையாக, உள்ளேயே படுக்கை வசதியுள்ள பெருவண்டிகள். எல்லாம் சௌகரியம். ஜனத்திரளில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டும். நிழல் இலவசமாகக் கிடைக்கும் இடத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை.

ஜூலை 20, திரும்பும் வழியில் ஒரு சிற்றூர்

ஊர்ப் பெயரைச் சொன்னாலும் வரைபடத்தில் தேடத்தான் வேண்டும். நெடுஞ்சாலையில் கூடாரப் படம் போட்ட சிறு பலகை. அதைத் தொடர்ந்து போனால் பேஸ்பால் மைதானம், அதன் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பனிச்சறுக்கு அரங்கம், அதற்குப் பின்னால் ஊராட்சி நடத்தும் முகாம் மைதானம். காவலாளி இல்லை. கம்பத்தில் ஒரு மரப்பெட்டி நிறையக் காகித உறைகள். பெயர், கார் எண், இடத்தின் எண், எத்தனை இரவு என்பவற்றை எழுதி, பணத்தை உள்ளே வைத்து ஒட்டி, உறையின் ஓரத்துண்டைக் கிழித்து இடத்தின் முளைக்கம்பில் செருகிவிட்டு, உறையை இரும்புக் குழாயால் செய்த உண்டியலில் போட வேண்டும். சில்லறை இல்லாதவன் பெரிய நோட்டைப் போட்டுவிட்டுப் பாக்கியை மறந்துவிட வேண்டியதுதான். நான் மறந்துவிட்டேன்.

மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்த கரகானாப் புதர் வேலி. உள்ளே நுழைந்ததும் நான்கு நாளாகக் காதில் இரைந்துகொண்டிருந்த காற்று நின்றுவிட்டது. அப்போதுதான் வேலியிலிருந்து வந்த 'படக், படக்' என்ற ஓசையைக் கவனித்தேன். வெயிலில் காய்ந்த கரகானாக் காய்கள், பழுப்பு நிறத்தில் நெற்றுப்போல் தொங்கியவை, ஒவ்வொன்றாக வெடித்து, இரு தோலும் திருகிச் சுருண்டு, விதையைத் தெறித்துக்கொண்டிருந்தன. ஒன்று என் தேநீர்க் கோப்பையில் விழுந்தது.

பக்கத்து வண்டியில் ஓய்வுபெற்ற விவசாயி ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அதற்கப்பால் சாலைப் பணியாளர் இருவர். கோடை முழுவதற்கும் மாத வாடகைக்கு இடம் பிடித்தவர்கள், வண்டி வாசலில் தக்காளிச் செடிகூட வைத்திருந்தார்கள். ஊரின் கதையைப் பெரியவர்தான் சொன்னார். குதிரை வண்டியில் தானியம் கொண்டுவரும் விவசாயி ஒரே நாளில் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக, ரயில் பாதையில் எட்டுப் பத்து மைலுக்கு ஒரு தானியக் களஞ்சியமும், களஞ்சியத்துக்கு ஓர் ஊருமாக எழும்பிய காலம் அது. லாரி வந்ததும் பத்து மைல் ஒரு தூரமாகத் தோன்றவில்லை. தண்டவாளம் போயிற்று, களஞ்சியம் இடிந்தது, பள்ளிக்கூடம் மூடப்பட்டது. எஞ்சியவை கூட்டுறவுக் கடையும் இந்த மைதானமும். ஓர் இரவு தங்குகிறவன் மறுநாள் காலை ரொட்டியும் பெட்ரோலும் இங்கேதான் வாங்குவான் என்பது ஊராட்சியின் கணக்கு.

மரங்களும் தாமாக வந்தவை அல்ல. கரகானா சைபீரியச் செடி. கடுங்குளிரையும் வறட்சியையும் ஒரே முகத்தோடு தாங்கும். இந்தியன் ஹெட் என்ற ஊரின் அரசாங்க நாற்றுப் பண்ணையை மையமாகக் கொண்டு, 1901-இல் தொடங்கிய திட்டத்தின்படி, நிலத்தைப் பண்படுத்தி வைத்த விவசாயிகளுக்குக் காற்றுத் தடுப்பு மரக்கன்றுகளை வழங்கினார்கள். 60 கோடிக்கும் மேற்பட்ட கன்றுகள் இந்தச் சமவெளியெங்கும் போயின. இந்த வேலியைத் தம் தகப்பனார் காலத்தவர் நட்டதாகப் பெரியவர் சொன்னார். 2013-இல் மத்திய அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. பெருவெளியின் நடுவே நிழலைக் கையால் செய்த மனிதர்கள் இவர்கள். நேற்றைய பைன் காட்டில் எனக்கு எழுத வராதது இந்த வேலிக்கடியில் வருவதற்கு அதுதான் காரணம்.

ஜூலை 21, காலை

உறைகளை எடுக்க, புல்வெட்டும் சிறு டிராக்டரில் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் வந்தார். வடகோடியில் பட்டுப்போன மேப்பிள் மரங்களைக் காட்டி, இனி கன்றுக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டேன். வேலியடியில் தானாக முளைத்ததைப் பெயர்த்து வைக்கிறோம், பாதி பிழைக்கிறது என்றார். மேப்பிள் இருந்த இடத்தில் இரண்டு கித்தான் குடில்கள் போடலாமா என்ற யோசனையும் ஊராட்சியில் இருக்கிறதாம். "மரம் வளர முப்பது வருஷம், குடில் கட்ட இரண்டு வாரம். எதைச் செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்."

இரண்டையும் செய்யலாமே, கன்றை மேற்கே வைத்துக் குடிலை அதன் கிழக்கே கட்டினால் முப்பது வருஷத்தில் குடிலுக்கு நிழல் கிடைக்குமே என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை, வந்து பேசுங்கள் என்றார்.

மைத்துனன் அவசரமாகக் குறுக்கிட்டு, அடுத்த வருஷத்துக்கு வேலியோர இடத்தை இப்போதே பதிவு செய்துகொள்ள முடியுமா என்று கேட்டான். பதிவு என்ற வழக்கமே கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதல் இடம். ஆனால் பேஸ்பால் பந்தயம் நடக்கும் வார இறுதியில் மட்டும் வந்துவிடாதீர்கள், கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு, டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனார்.