தோற்பறையும் பைபர்ப் பறையும்

பழைய கருவியொன்றின் ஓர் உறுப்பைக் களைந்து புதிய உறுப்பை அமைத்தால் அதன் குரல் மாறுமோ மாறாதோ என்னும் வினா, இசை பயில்வார் அனைவர்க்கும் பொதுவாயது. மேனாட்டிலே பாஸ் கிட்டார் வாசிப்போர், தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் பழைய காந்தச் சுருளை நீக்கிப் புதியதை வைத்தபின், முந்தைய நாதம் போயிற்று என்பாரும், அது மனமயக்கே என்பாருமாய் இரு கட்சியாகப் பிரிந்து வழக்கிடுவர். நம் பக்கத்தில் அவ்வழக்குப் பறையின் முகத்தைப் பற்றி எழுந்திருக்கின்றது. தோல் போர்த்த பறை சிறந்ததோ, பைபர் என்று வழங்கும் செயற்கைப் படலம் போர்த்த பறை சிறந்ததோ என்பதே அது.

கலவையைச் சூழ்ந்த நாடு தோலுக்குப் பேர்பெற்றது. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில், முன்னர் ஆவாரம்பட்டையாலும் பின்னர்க் குரோம் உப்பாலும் தோல் பதனிடுந் தொழில் ஓங்கிற்று. ஆயினும் அத்தோல் ஷாப்புகளிற் பதமான தோல் பறைக்கு உதவாது. செருப்புக்கு வேண்டுவது மென்மை. பறைக்கு வேண்டுவது விறைப்பு. ஆதலின் பறை செய்வோர் பதனிடாத கன்றுத்தோலையே கொள்வர். அதனை ஊறவைத்து, மயிரும் ஊனும் போகச் சுரண்டி, மரத்தாலாய வட்டச் சட்டத்தின்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, இழுத்துக் கட்டி உலர்த்துவர்.

இத்தோல் காற்றிலுள்ள ஈரத்தை உண்ணும், உண்டால் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். தீயிற் காட்டின் ஈரம் நீங்கி இறுகும். அடிக்குமுன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவது இக்காரணம் பற்றியே. பாலியெஸ்டர்ப் படலமோ ஈரத்தை ஏற்பதன்று. மழையிலும் வெயிலிலும் அதற்கு ஏறத்தாழ ஒரே குரல். மேனாட்டு முரசுகளில் அது 1950-களில் புகுந்தது; ரெமோ பெல்லி என்னும் அமெரிக்கர் 1957-இல் அத்தொழிலுக்கென ஒரு நிறுவனமே தொடங்கினார்.

ஒலியின் இயல்பிலும் வேற்றுமை உண்டு. ஒருசீராய் விரித்த வட்டத் தோலில் எழும் மேலொலிகள், அடியொலிக்கு 1.59, 2.14, 2.30 எனப் பின்ன மடங்குகளாய் நிற்பன. மிருதங்கத்தின் வலந்தலையில் இட்ட கரிய சாந்து அவற்றை 2, 3, 4 என்னும் முழு மடங்குகளுக்குக் கொணர்கின்றது என்பதைச் சர் சி. வி. இராமன் 1920-இல் எடுத்துக் காட்டினார். பறைக்கு அச்சாந்து இல்லை. ஆகவே அதன் மேலொலிகள் விரைந்து அடங்கினாலன்றி அடிகள் தனித்தனியே கேட்கமாட்டா. தோலின் நார் அவற்றை விரைவில் விழுங்கும். படலம் நெடிது ஒலிக்க விடும்.

இதனைச் செவியால் அறிய விரும்பி, கார்த்திகை மாதத்து மழைநாளொன்றில் எம் வகுப்பினர் நால்வரும் கலவையருகே பறையிசைக்கும் பெரியவர் ஒருவரது இல்லத்திற்குச் சென்றோம். யாம் சுவரை நோக்கி அமர்ந்திருக்க, அவர் மகனார் இருவகைப் பறைகளையும் மாற்றி மாற்றி அடித்தார். முதன்முறை பைபர்ப் பறையே வென்றது. ஈரமேறிய தோல் ஊமைபோல் முனகிற்று. பின்னர்ப் பெரியவர் தோற்பறையைத் தீயிற் காய்ச்சித் தந்தார். அப்பொழுது எழுந்த ஒலி வேறு. விரைந்த நடையிலும் ஒவ்வோர் அடியும் விழுந்த இடத்திலேயே நின்றது. பைபரிலோ ஓரடியின் வால் மற்றோரடியின் தலைமேற் கிடந்தது. நால்வரும் பிழையின்றி இரண்டையும் பிரித்துணர்ந்தோம். எனினும் கால்மணி நேரத்திற்குள் தோல் மீண்டும் தளர்ந்தது.

"தோலின் ஒலியே ஒலி!" என்று எம்முள் ஒருவர் வியந்தார். பெரியவர் நகைத்து, "வாஸ்தவந்தான் தம்பி. ஆனால் தோலைச் சுரண்டும் நாளில் என் வீட்டுப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களே, மேடையில் அந்த ஒலியைப் புகழ்கிறார்கள். என் மகன் பைபரை எடுத்தபிறகுதான் பறையைத் தோளில் மாட்டிப் பேருந்தில் ஏறினான்," என்றார். மகனார் ஒன்றும் சொல்லாமல் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவ்வுரை எம்மை நெடுநேரம் பேசாதிருக்கச் செய்தது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் எண்ணிற்று. அத்தகைய கருவியைச் செய்தாரைப் பிற்காலத்தார் ஊர்ப்புறத்தே ஒதுக்கினர். ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பையும் இழிவையும் ஒரு சாரார் தலையிலேயே விட்டுவைத்தல் அறமாகாது. தோலோ பைபரோ என்று தீர்ப்பளிக்கும் உரிமை, முதற்கண் அதனைத் தோளிற் சுமப்பவருக்கே உரியது. மகனார் பைபரைத் தேர்ந்தாராயின், அதனைப் பழமையின் அழிவென்று குறை கூற யாம் யார்?

தோற்பறையின் குரல் நிலைத்திருக்க வேண்டுமென்று விழைவோர்க்கு ஒரு வழியுண்டு. நம் கல்லூரி விழாவில் ஒலிப்பவை பைபர்ப் பறைகளே. வருமாண்டு அவற்றோடு தோற்பறையொன்றையும் செய்வித்துச் சேர்ப்போமாக. செய்ய வல்லார் ஒருவரை ஆசிரியராக அழைத்து, உரிய ஊதியம் அளித்து, முன்வரிசையில் இருத்துவோம். ஊறிய தோலைச் சுரண்டும் வேலைக்கு மாணாக்கராகிய யாமே அமர்வோம். எம்முள் நால்வர் பெயர் கொடுத்தாயிற்று. ஏனையோர் பெயரையும் எதிர்நோக்குகின்றோம்.