ஹெட்போனுக்குள் ஒரு தேவாலயம்!

பிரான்ஸின் ‘கான்’ என்றதும் சினிமா விழாதான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு கான். நாட்டின் வடக்கே, நார்மண்டியில் இருக்கிறது. இங்குள்ள புனித ஸ்தேவான் தேவாலயத்தைக் கட்டவைத்தவர், 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னர். அவர் கல்லறையும் இங்கேதான். 16-ம் நூற்றாண்டு மதக் கலவரத்தில் அதைத் தோண்டிச் சூறையாடியதில், மிஞ்சியது ஒரேயொரு தொடை எலும்பு!

ராஜாவைப் பார்த்தாயிற்றா? அப்படியே திரும்பி வாசல் பக்கம் அண்ணாந்து பாருங்கள். உயரத்தில் பிரமாண்டமான பைப் ஆர்கன். கவாயே-கோல் என்ற ஆர்கன் மேதை 1885-ல் உருவாக்கியது. கைகளுக்கு மூன்றடுக்குக் கீபோர்டு, கால்களுக்குத் தனியாக ஒன்று. ‘ஸ்டாப்’ என்ற குமிழை இழுத்தால் ஒரு குழாய் வரிசைக்குக் காற்று போகும்; புல்லாங்குழல் மாதிரி ஒன்று, எக்காளம் மாதிரி இன்னொன்று.

1944-ல் குண்டுவீச்சில் ஊரின் பெரும்பகுதி தரைமட்டமானபோது, ஆயிரக்கணக்கானவர்கள் இந்தத் தேவாலயத்திலும் பக்கத்து மடத்திலும்தான் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களோடு ஆர்கனும் தப்பியது. எல்லா ஆர்கனுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. நாந்த் நகரப் பேராலயத்தின் பழைமையான ஆர்கன், பிரெஞ்சுப் புரட்சியையும் உலகப் போரையும் தாண்டி வந்தது. 2020 ஜூலை 18 காலையில் பற்றிய தீயில் மொத்தமாக அழிந்தது. எரிந்த குழாயின் குரலை அதன்பிறகு எந்த மைக் வைத்துப் பிடிப்பது?

கான் ஆர்கனின் குரல் பத்திரமாக இருக்கிறது. செக் நாட்டின் சோனஸ் பாரடிசி நிறுவனம் அதைப் பதிவுசெய்து, ‘சாம்பிள் செட்’டாகத் தருகிறது. ஒவ்வொரு குழாயாக ஊதவிட்டுப் பதிவுசெய்வார்கள். ஒலி தொடங்கும் விதம், நிற்கும் விதம், விரலை எடுத்தபின் கல் சுவர்களில் மோதிக் கரையும் எதிரொலி எல்லாமே அதில் அடக்கம். என்னைக் கேட்டால், அந்த எதிரொலிதான் பாதி ஆர்கன். அது இல்லாவிட்டால் நம் ஊர் கீபோர்டில் ஏற்கெனவே இருக்கும் ‘சர்ச் ஆர்கன்’ பட்டன்தான்.

வீட்டில் அமைக்க, ஹாப்ட்வெர்க் என்ற மென்பொருள் வேண்டும். குழாய் ஒலிகளை மொத்தமாக ரேமில் ஏற்றிக்கொள்ளும் என்பதால், 8 ஜிபி லேப்டாப்பை நம்பி இறங்க வேண்டாம். யுஎஸ்பி-யில் இணையும் மிடி கீபோர்டு ஒன்று போதும். அடுக்குகளையும் கால் கட்டைகளையும் மெதுவாகச் சேர்க்கலாம். விண்டோஸ் என்றால் ‘ஏசியோ’ டிரைவர் அவசியம். இல்லாவிட்டால் கட்டையை அழுத்திச் சற்றுத் தாமதமாகத்தான் ஒலி வரும். வாசிக்கிற விரல் தடுமாறும். விலை பெரிய ஆர்கன்களுக்குக் கடிதான். பழகிப் பார்க்க, இலவசமான கிராண்ட்ஆர்க் மென்பொருளும் அதற்கான இலவச செட்களும் உண்டு.

ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் கூடாது. 16 அடிக் குழாயின் அடிச்சுருதி சுமார் 33 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது எட்டிக்கூடப் பார்க்காது. நல்ல ஹெட்போன் மாட்டுங்கள். ஒரு கட்டையை அழுத்தி, விரலை எடுத்துவிட்டு, அந்த ஒலி கரைந்து முடியும்வரை கேளுங்கள். அதற்கு முன் சீலிங் ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள்.