கண்டிக்கு வாறதெண்டால்

அன்பின் தம்பி,

நீ அனுப்பின பயணத் திட்டத்தை வாசிச்சன். வெள்ளி தம்புள்ளை, சனி விடிய சீகிரியா, மத்தியானம் பின்னவலை யானை, பின்னேரம் கண்டி, ஞாயிறு நுவரெலியா, அண்டிரவே திரும்ப யாழ்ப்பாணம். சின்னமாமி ரொறன்ரோவில இருந்து வந்திருக்கிறா, எல்லாத்தையும் காட்டிப்போட வேணும் எண்ட உன்ர ஆசை விளங்குது. ஆனால் இப்பிடி ஓடினால் அவவும் அம்மாவும் பாக்கப்போறது வான் கண்ணாடியைத்தான். கண்டியைத் தவிர மிச்சமெல்லாத்தையும் வெட்டிப்போட்டன். கோவிக்காதை.

வெள்ளி விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிடுங்கோ. கண்டி வீதியில ஏறினால் கண்டி வரைக்கும் அதே ஏ9 தான், 320 கிலோமீற்றருக்குக் கிட்ட. மாத்தளையில முத்துமாரியம்மன் கோவில் வீதியோரத்திலயே இருக்கு; அம்மா இறங்காமல் விடமாட்டா, ஒரு மணித்தியாலம் கூட வச்சுக்கொள். நான் கோட்டையில இருந்து றெயிலில வாறன். றம்புக்கனை தாண்டி மலை ஏறேக்க யன்னல் பக்கம் கிடைச்சால் எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.

சனிக்கிழமை முழுக்கக் குளம். சிரிக்காதை. சுத்தி நடந்தால் மூண்டு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, அம்மாவின்ர நடைக்கும் ஏலும், களைச்சால் மரத்துக்குக் கீழ வாங்கு இருக்கு. அது இயற்கைக் குளமில்லை. வயலாக் கிடந்த இடத்தை மறிச்சு 1807 இல் கட்டுவிச்சவன் கண்டியின்ர கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழி, பிறந்த பேர் கண்ணுச்சாமி. ஊர்ச்சனத்தைப் பிடிச்சு வேலை வாங்கினதில பிரதானிகளுக்கே அவனில வெறுப்பு வந்ததெண்டு சொல்லுவினம். கரையோரமெல்லாம் வெள்ளைக்காரன்ர கையில, உள்ளுக்கு ஆரை நம்பிறதெண்டு தெரியாது, இவன் குளத்தங்கரைக்கு வடிவா மதில் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான்! அண்டைக்கு நான் அங்க இருந்திருந்தால் விசர் வேலை எண்டுதான் சொல்லியிருப்பன். இண்டைக்குக் கண்டி எண்டால் எல்லாரும் படமெடுக்கிறது அந்த விசர் வேலையைத்தான்.

மதிலை வடிவாப் பார். மேல்விளிம்பு முகில் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும், இடையில முக்கோண ஓட்டைகள், திருவிழா இரவுகளில விளக்கு வைக்கிறதுக்கு. முழுக்கச் சுத்திக் கட்டேல்லை. 1815 இல் அரசன் பிடிபட்டதோட வேலையும் நிண்டுபோச்சு. அவனை வேலூருக்கு நாடுகடத்தினவை, 1832 இல் அங்கயே செத்தான். நடுவில தெரியிற சின்னத் தீவை வெள்ளைக்காரர் வெடிமருந்து வைக்கப் பாவிச்சவை. கரையில இருக்கிற ராணிமாரின்ர குளிமண்டபத்தை வாசிகசாலையாக்கினவை. தலதா மாளிகைக்குப் பக்கத்தில மரத்தூண் மண்டபம் ஒண்டு இருக்கு, கண்டி ராச்சியத்தை எழுதிக் குடுத்தது அங்கதான், 1815 மார்ச் 2. சின்னவனுக்குப் பாடத்தில வரும், கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

தலதா மாளிகைக்குப் பின்னேரப் பூசைக்குப் போவம், ஆறரை மணி மட்டில மேளம் தொடங்கும். புனித தந்தத்தைக் காணலாம் எண்டு மாமி நினைச்சிருந்தால் இப்பவே சொல்லிப்போடு, பேழையைத்தான் தூர நிண்டு பாக்கலாம். வெள்ளை உடுப்பு நல்லது, முழங்காலும் தோளும் மூடியிருக்க வேணும். 1998 இல் குண்டு வெடிச்ச இடம். வாசலில பையைத் திறந்து பாப்பினம், அம்மாவுக்கு அது பழைய சோதனைச்சாவடியை ஞாபகப்படுத்தும், நீ பக்கத்தில நில். மாமியிட்ட வெளிநாட்டுப் பாஸ்போட், அவவுக்கு மட்டும் வெளிநாட்டுக்காரரின்ர ரிக்கற். பிறந்த நாட்டில எனக்கு ரிக்கற்றோ எண்டு வாசலில நிண்டு கதைக்கப்போறா, பொறுத்துக்கொள்.

வெளியில வந்தால் பத்தினி தேவாலயம் கிட்டத்தான். சிங்களச் சனம் பத்தினித் தெய்யோ எண்டு கும்பிடுறது எங்கட கண்ணகியைத்தான். அம்மாவுக்கு மாளிகையை விட அதுதான் பிடிக்கும் எண்டு நினைக்கிறன்.

ஞாயிறு காலமை பேராதனைத் தோட்டம், 147 ஏக்கர், எல்லாம் நடக்க ஏலாது. பனைவரிசையும் அந்தப் பெரிய ஜாவா அத்தியும் பாத்தால் காணும். மரங்களில வௌவால் பழம் மாதிரித் தொங்கும், சின்னவன் அதைத்தான் கேப்பான். பிறகு கம்பஸுக்குள்ள குறிஞ்சிக்குமரன் கோவில். சோதனைக் காலத்தில நாங்கள் பிள்ளையாரை விட்டிட்டு முருகனைப் பிடிச்ச இடம். படி இருக்கு, அம்மாவை மெல்ல ஏத்துவம். மத்தியானச் சாப்பாட்டோட நீங்கள் வெளிக்கிட்டால் இரவு வீடு.

தங்கிறதுக்குச் சரணங்கர வீதியில பாக்கிறன். குளம் தெரியும், ஆனால் ஏத்தம், ஓட்டோ பிடிக்கவேணும். குரங்குத் தொல்லையும் இருக்கு, யன்னலைத் திறந்துபோட்டு வெளிய போகக்கூடாது. குடை கொண்டு வாங்கோ. உடவத்தைக் காட்டுக்குள்ள போறதெண்டு சின்னவனுக்கு ஆசை காட்டாதை, மழை பெய்தால் அட்டை.

நீ போயா வாற கிழமையைக் குறிச்சிருக்கிறாய், அதுக்கு அடுத்த கிழமைக்கு மாத்து. போயாவில மாளிகைக்குள்ள கால் வைக்க இடமிராது. அம்மாவுக்குக் கீழ்மாடி அறை வேணுமோ, மாமி தனி அறை கேக்கிறாவோ எண்டதைப் புதன்கிழமைக்கு முதல் கேட்டுச் சொல்லு. நான் காசு கட்டவேணும்.

மச்சாளுக்கும் சின்னவனுக்கும் அன்பு.

அக்கா
வெள்ளவத்தை